கலியாணம் என்று எழுதிய பேய்ப்படம்

அந்தப் படத்தில் நான் இரண்டாவது பிணம். பெரியகல்லாற்றில் இருபது வருசமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் இரண்டு பேர் டொக்டராகிவிட்டார்கள். அதெல்லாம் ஒருவருக்கும் நினைவில்லை. சந்தைக்குப் போனால் "பிணம் சேர் வாறார்" என்றுதான் கதை. இந்தப் பேரை எனக்கு வாங்கித் தந்த புண்ணியவான் என் கூட்டாளி அழகரத்தினம்.

உன்னைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். நல்லவனாக எழுதிவிடாதே, ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்றான். அந்தப் பயமே வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அழகு ஒரு வீடியோக்காரன். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லாறு வரைக்கும் எந்தக் கலியாணம், எந்தச் சாமத்தியவீடு என்றாலும் அவனுடைய கமெராதான். ஐயர் தாலியைத் தட்டில் வைத்துக்கொண்டு, "வீடியோக்காரத் தம்பி வரட்டும்" என்று காத்திருந்த கலியாணங்களை நானே பார்த்திருக்கிறேன். அவன் மட்டும் கலியாணம் முடிக்கவில்லை. நூறு கலியாணத்தைக் கிட்ட நின்று பார்த்தவனுக்கு அந்த ஆசை எங்கிருந்து வரும் என்று கேட்பான். எனக்கு மனைவி பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்வதில்லை.

அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய மர்மப் படங்கள். கறுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு பாழடைந்த மாளிகை, ஓர் உயில், மழை, திடீரென்று அணைகிற விளக்கு, அலமாரிக்குள்ளிருந்து விழுகிற பிணம், பயத்தில் வேட்டி அவிழ ஓடுகிற வேலைக்காரன். இவ்வளவும் இருந்தால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. சுவர் அட்டையில் செய்தது என்று தெரியும்படி ஆடும். பேயின் காலில் செருப்பு இருக்கும். அதைத்தான் அவன் கொண்டாடுவான். காசு இல்லாதவன் எடுத்த படத்தில்தான் மூளை இருக்கும் என்பது அவன் கட்சி. பயமும் சிரிப்பும் ஒரே இடத்தில் வரவேண்டும், இல்லாவிட்டால் அது மர்மப் படமே இல்லை என்று என்னிடம் மணிக்கணக்காக வாதாடுவான். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அடுத்த நாள் பின்னேரமும் போய் அவன் வாசலில்தான் நிற்பேன்.

2003இல் சமாதான காலம். ஆமி, இயக்கம் இரண்டும் துவக்கைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தன. ரோடு திறந்திருந்தது. அழகு ஒருநாள் என்னிடம் வந்து, நாமே ஒரு படம் எடுப்போம், கதை நீ எழுது என்றான். திருத்தி முடித்த பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதினேன். பேர் 'மூன்றாம் வளவு மர்மம்'. உயில் வாசிக்க நாலு சொந்தக்காரர்கள் ஒரு பழைய வீட்டுக்கு வருகிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள், வெள்ளை உடுத்த பேய் ஒன்று நடமாடுகிறது. கடைசியில் பார்த்தால் கொலைகாரன் சட்டத்தரணி. இதைவிடப் பெரிய கற்பனை எனக்கு வரவில்லை.

வாவிக்கரையில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர் லண்டனில். ஓடெல்லாம் உடைந்து வௌவால் குடியிருந்தது. இருட்டுக்குள் வெளியே திரிகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு விட்டுப்போய்க் கனகாலம். ஆகையால் நடுச்சாமக் காட்சி முழுவதையும் மத்தியான வெயிலில் எடுத்தோம். யன்னல்களுக்கு நெல்மூட்டைச் சாக்கை அடித்து, உள்ளே வேர்வையில் குளித்துக்கொண்டு, "குளிருதே" என்று நடுங்கினோம். இரத்தத்துக்கு, தயிரில் ஊற்றுகிற இனிப்புக் கித்துள்பாணி. கறுப்பு வெள்ளையில் அது அசல் இரத்தம் மாதிரியே இருக்கும் என்றான் அழகு. இருந்தது. ஆனால் கறுப்பு வெள்ளை என்று எறும்புக்குத் தெரியாதே. நான் செத்துப் பத்தாவது நிமிடம் ஒரு படையே என் கழுத்தில் ஏறியது. பிணம் துள்ளி எழும்பி வாவியில் போய் விழுந்தது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறான் படுபாவி. என் பட்டப்பெயர் பிறந்த இடம் அதுதான்.

பேய்க்கு ஆள் கிடைக்கவில்லை. எங்களுக்குச் சாப்பாடு தந்தவள் இடியாப்பக்காரச் சின்னத்தங்கம் அக்கா. புருசன் இல்லை. ஒரே மகள் ஆர்த்திகா, பதினெட்டு வயது. தலையில் இடியாப்பப் பெட்டியோடு வாசலால் வந்த அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் அழகு வாயைப் பிளந்துவிட்டான். சின்ன வயதிலிருந்து தலையில் பெட்டி வைத்து நடந்து நடந்து, உடம்பு ஆடாமல், கால் நிலத்தில் படுகிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நடை. இதுதான் என் பேய் என்றான்.

அக்கா லேசில் சம்மதிக்கவில்லை. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்தாள். கடைகடையாக வாடகைக்குப் போகிற கசெட்டில் கலியாணம் பேசுகிற குமர்ப்பிள்ளை முகம் காட்டினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்? மகள் தாயின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சியபிறகு ஒரு நிபந்தனையோடு விட்டாள்.

"முகம் தெரியக்கூடாது தம்பி. ஒரு சொட்டும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அழகு வாவியைப் பார்த்துச் சத்தியம் பண்ணினான். தலையிலிருந்து கால்வரை வெள்ளைச் சீலையால் மூடித்தான் அவளை நடக்கவிட்டோம். அப்படியும் அக்கா நம்பவில்லை. இடியாப்பப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து ஒவ்வொரு நாளும் காவல்.

பிள்ளை நன்றாக நடந்தாள். ஒரே குறை, சிரிப்பாள். கதவு நிலையில் இடித்தால் சிரிப்பு, வேலைக்காரன் அலறினால் சிரிப்பு, என்னைப் பிணமாகப் பார்த்தாலே சிரிப்பு. மூச்சு முட்டுகிறது என்று சீலையைத் தூக்கிவிட்டுச் சிரிப்பாள். அழகு தலையில் அடித்துக்கொள்வான். பேய் சிரித்தால் யாரடி பயப்படுவது என்று நானும் ஏசியிருக்கிறேன். ஒருநாள் கடுமையாகவே ஏசினேன். அதை நினைக்கும்போதெல்லாம் என் வாயில் நானே அடிக்க வேண்டும்போல இருக்கும்.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்லவேண்டும். அழகுவின் வீட்டில் இருந்த எல்லாக் கசெட்டிலும் 'கலியாணம்' என்றுதான் எழுதியிருக்கும். தமிழிலும் சிங்களத்திலும். சண்டைக் காலத்தில் செக்பொயின்ரில் கசெட் கண்டால் விடமாட்டார்கள். யாருடைய கூட்டம், யாருடைய செத்தவீடு, எதைப் படம் பிடித்தாய் என்று மணித்தியாலக் கணக்கில் விசாரணை. கலியாணக் கசெட் என்றால் மட்டும் ஆமிக்காரன் சிரித்துவிட்டுத் திருப்பித் தருவான். ஆகவே திருவிழாவும் கலியாணம், பரிசளிப்பு விழாவும் கலியாணம், ஒரு தரம் செத்தவீடும் கலியாணம். எது எது என்று அவன் மனதுக்குள் ஒரு கணக்கு. சமாதானம் வந்தபிறகும் பழக்கம் விடவில்லை. எங்கள் பேய்ப்படமும் இரண்டு கசெட்டில் கலியாணமாகவே இருந்தது. ஒன்றில் எடுத்தது எல்லாம் வெட்டாமல், வெட்டுவதற்காகக் கமெராவிலிருந்து இறக்கியது. மற்றதில் வெட்டி ஒட்டிய படம்.

வெட்டி ஒட்டுவதற்கு அவனிடம் இருந்தது கலியாண மெசின். அதில் இதயம், ரோசாப்பூ, இரண்டு புறா, இவ்வளவுதான் உண்டு. ஆகையால் எங்கள் பேய் மறையும்போது ஓர் இதயத்துக்குள் சுருங்கி மறையும். முதலாவது பிணத்தின்மேல் ரோசாப்பூ விழும். எனக்குப் புறா. முகம் தெரிந்த இடங்களையெல்லாம் அழகு ஒன்றுவிடாமல் வெட்டினான். கமெராவுக்குள் இருந்த மூலக் கசெட்டையும் அழித்து, அதன்மேல் குருக்கள்மடத்தில் ஒரு கலியாணம் எடுத்தான். மற்றது என்ன குறையென்றாலும் சொல்லுங்கள், சொன்ன சொல்லில் அவன் சுத்தம்.

2004 ஐப்பசியில் படத்தைக் காத்தான்குடியில் வீடியோக் கடை வைத்திருந்த சரீப் நானாவிடம் கொடுத்தான். இரண்டு கிழமை கழித்து நானா கல்லாற்றுக்கே வந்துவிட்டார். இப்படி ஒரு படம் பார்த்ததில்லை, பேய் சீலையைத் தூக்கிப் பல்லைக் காட்டிச் சிரிக்கிற இடமெல்லாம் தூக்கல் என்று புகழ்ந்து தள்ளினார். அழகுவின் முகத்தில் ஈயாடவில்லை. கலியாணம் மாறிப் போய்விட்டது. வெட்டாத கசெட்டைக் கொடுத்திருக்கிறான். திருப்பித் தாருங்கள் நானா என்று கேட்டால், அது கடையில் இல்லை. அவருடைய மருமகன் ஸாஜித், கூட வேலை செய்கிற பொடியன்களோடு பார்க்கலாம் என்று அரபு நாட்டுக்கு, கட்டாருக்குக் கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு அழகு சாப்பிடவில்லை. அக்காவிடம் சொல்லாதே, கசெட் திரும்பி வந்ததும் நானே சொல்கிறேன் என்றான். ஸாஜித்துக்குக் கடிதம் போட்டான். நானும் பொத்திக்கொண்டிருந்தேன்.

மார்கழி இருபத்தாறு. அந்த நாளைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. கடல் வந்தது. அழகு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மாமன்காரனின் வயல் வட்டையில் நெல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தான், தப்பினான். அவன் வீட்டில் இருந்த அத்தனை கலியாணமும் போய்விட்டது. சின்னத்தங்கம் அக்கா அரிசி வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போயிருந்தாள். ஆர்த்திகா வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் பிள்ளையைக் கண்டெடுத்தோம். தாயைப் பார்க்க விடவில்லை. விடுகிற நிலைமையில் இல்லை.

வீட்டில் இருந்த படமெல்லாம் அலமாரியோடு போயிற்று. அடையாள அட்டைக்குப் படம் எடுத்த ஸ்ரூடியோவும் இல்லை. பள்ளிக்கூடக் குழுப்படம் ஒன்று எப்படியோ தப்பியிருந்தது. அதில் முன்னால் நின்ற பிள்ளையின் ரிப்பன் ஆர்த்திகாவின் பாதி முகத்தை மறைத்துவிட்டது. செத்த முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அடிப்பது எங்கள் வழக்கம். செத்தவரின் படத்தை முன்னட்டையில் போட்டு, உள்ளே ஒப்பாரியும் வரலாறும் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். ஆர்த்திகாவின் கல்வெட்டில் படம் இருக்கவேண்டிய இடத்தில் அச்சகத்தார் ஒரு குத்துவிளக்கைப் போட்டிருந்தார்கள்.

அக்கா அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அழகுவைக் கூப்பிட்டு, அந்தப் படத்தில் எங்கேயாவது, ஒரு மூலையிலாவது முகம் தெரியுமா என்று கேட்டாள். சத்தியம் வாங்கினவள் கேட்கிறாள். அழகு அவள் காலடியில் இருந்துகொண்டு உள்ளதைச் சொன்னான். கசெட் மாறியது, அதில் முகம் இருப்பது, கட்டாருக்குப் போனது, தான் மறைத்தது, எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அவன் தலையில் கையை வைத்தாள்.

"எப்பிடியாவது அத எடுத்துத் தாங்க தம்பி," என்றாள். "நான் ஒருக்காப் பார்த்துட்டாக் காணும், வேற ஒண்டும் வேணாம்."

அதற்குப் பிறகு நாலரை வருசம் அழகுவுக்கு அது ஒன்றுதான் வேலை. தொழில் வேறு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வீடு கட்டித் தந்த நிறுவனங்கள் ரிப்பன் வெட்டுவதைப் படம் பிடிக்க ஆள் தேடின. ஒரே வீட்டை மூன்று நிறுவனம் திறந்து வைத்ததையும் அவன் எடுத்திருக்கிறான். வரும்படியில் பாதி கட்டாருக்குப் பேசிய ரெலிபோனுக்குப் போனது. ஸாஜித் நல்ல பொடியன். ஆனால் கசெட் அவனிடம் இல்லை. அறையில் இருந்த ஏறாவூர்க்காரன் ஒருவன் கேட்டான், கொடுத்தேன், அவன் வேறு தொழிலாளர் காம்புக்கு மாறிப் போய்விட்டான் என்றான். கசெட்டில் எழுதியிருப்பதை வைத்துத் தேடலாமே என்றேன் நான். சொன்னபிறகுதான் உறைத்தது. கட்டாரில் வேலை செய்கிற ஒவ்வொருவனின் பெட்டிக்குள்ளும் ஊரிலிருந்து போன ஒரு கலியாணக் கசெட் இருக்கும்.

ஸாஜித் தேடினான். வெள்ளிக்கிழமை லீவில் காம்ப் காம்பாகப் போய், கலியாணம் என்று எழுதியிருந்த கசெட்டையெல்லாம் வாங்கிப் போட்டுப் பார்த்தான். ஆருடைய தங்கச்சியோ, ஆருடைய மச்சானோ, முகம் தெரியாதவர்களின் கலியாணங்கள். ஒரு தரம் ரெலிபோனில், முப்பத்தொரு கலியாணம் பார்த்துவிட்டேன் அண்ணன், எல்லாத்திலும் பிரியாணியைத்தான் கிட்டக் காட்டுகிறான், உங்கள் தொழிலே வேண்டாம் என்று அலுத்துக்கொண்டான். அழகு சிரித்துவிட்டு, அடுத்த கிழமை எந்தக் காம்ப் என்று கேட்டான்.

இங்கே சண்டை திரும்ப வந்தது. படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் ஓடிவந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தது. என் வகுப்பில் பத்துக் குடும்பம். காத்தான்குடிக்குப் போகிற ரோட்டில் கெடுபிடியான நாட்களும் இருந்தன. அப்போதும் அழகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சரீப் நானாவிடம் போவான். எங்கே போகிறாய் என்று செக்பொயின்ரில் கேட்டால், ஒரு கலியாண விசயம் என்பான். அக்கா மட்டும் கிழமைக்கு ஒருதரம் இடியாப்பத்தோடு வந்து, வந்திற்றா தம்பி என்று கேட்பாள். இல்லை அக்கா என்பான். அவள் போனபிறகு என்மேல் எரிந்து விழுவான்.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்ததென்று அறிவித்தார்கள். எங்கோ வெடி கொளுத்தினார்கள். எங்கள் தெருவில் யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தார்கள். அடுத்த மாதம் லீவில் வந்த ஸாஜித், ஏயர்போட்டிலிருந்து காத்தான்குடிக்கு வந்து, பெட்டியைக்கூட அவிழ்க்காமல் பஸ் ஏறி நேரே கல்லாற்றுக்கு வந்தான். கையில் ஒரு புதுச் சாரத்தில் சுற்றிய பொட்டலம்.

கை மாறி மாறிக் கடைசியில் ஓட்டமாவடிச் சமையல்காரர் பதியுதீன் என்பவரிடம் கசெட் இருந்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் சாப்பாட்டுக்குப் பிறகு காம்பே கூடி இருந்து அந்தப் பேயைப் பார்த்துச் சிரிக்குமாம். வீட்டு நினைவு வந்து அழுகிறவனைப் பிடித்து இருத்திப் போட்டுக் காட்டுவார்களாம். முதலில் தரமாட்டேன் என்று நின்றிருக்கிறார் மனிதர். விசயத்தைச் சொன்னதும் உள்ளே போய், ஊருக்கென்று வாங்கி வைத்திருந்த சாரத்தால் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"மவுத்தாப் போன புள்ளட முகம் இதுல இரிக்கிண்டு தெரிஞ்சிருந்தா, நாங்க இப்பிடிச் சிரிச்சிரிக்க மாட்டம் அண்ணன்," என்றான் ஸாஜித். அழகு அவன் தோளைப் பிடித்து, சிரித்தது நல்லது தம்பி, அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் என்றான்.

கசெட்டுக்குள் இருந்த நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பார்த்துத் தேய்ந்தது வேறு. மூன்று நாள் அழகு கதவைப் பூட்டிக்கொண்டு, பஞ்சால் ஒற்றி, வேறொரு கலியாணக் கசெட்டைக் கழற்றி அதன் கூட்டுக்குள் இந்த நாடாவை மாட்டினான். இது அறுந்தால் நான் இந்த ஊரில் இருக்கமாட்டேன் மச்சான் என்றான். நான் பக்கத்தில் நின்று லைற் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தரம் அவனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அக்காவுக்குக் கிடைத்த சுனாமி வீட்டில் ரீவியையும் டெக்கையும் வைத்தோம். செய்தி பரவி வாசலில் சனம் கூடிவிட்டது. அழகு கதவைச் சாத்தப் போனான். முகம் தெரியக்கூடாது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தது அவன் தலைக்குள் இன்னும் இருந்திருக்க வேண்டும். அக்கா எழும்பிப் போய்க் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள். எல்லோரும் பார்க்கட்டும் என்றாள்.

படம் ஓடியது. கோடு கோடாக விழுந்தது, ஆனாலும் ஓடியது. உயில் வாசித்தார்கள். வேலைக்காரனுக்கு வேட்டி அவிழ்ந்தது. என் கழுத்தில் எறும்பு ஏறியது, நான் வாவியில் விழுந்தேன், சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும். பிறகு வாசலால் வெள்ளைச் சீலை ஒன்று மிதந்து வந்தது. தலை ஆடாமல், அந்த நடையோடு.

சீலை கதவு நிலையில் இடித்தது. உள்ளிருந்து சிரிப்பு வந்தது. இரண்டு கை சீலையைத் தூக்கியது. ஆர்த்திகா எங்கள் எல்லோரையும் நேரே பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அக்கா முன்னால் சரிந்து ரீவிக் கண்ணாடியில் கையை வைத்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. படத்துக்குள், கமெராவுக்குப் பின்னால், இடியாப்பப் பெட்டியின்மேல் இருந்த குரல்.

"முகத்த மூடுடி! ஆரும் பார்க்கக் கூடாதெண்டு எத்தினதரம் சொல்லுற!"

பிள்ளை சட்டென்று மூடினாள். இரண்டு அடி நடந்தாள். திரும்பவும் தூக்கி, குரல் வந்த பக்கம் பார்த்து நாக்கை நீட்டினாள். மூடினாள். அந்தப் பக்கத்திலிருந்து திரும்பவும் ஏச்சு. திரும்பவும் தூக்கினாள்.

அக்கா கையைக் காட்டினாள். அழகு நிறுத்தினான். வாசலில் நின்றவர்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, அந்தப் பொம்புளைட வாய மட்டும் அடைக்க ஏலாதா?" என்று கேட்டாள்.

சத்தத்தை நிற்பாட்டலாம் அக்கா, ஆனால் பிள்ளையின் சிரிப்பும் சேர்ந்துதான் போகும் என்றான் அழகு. இரண்டும் ஒரே கோட்டில் பதிந்திருக்கிறது, பிரிக்க ஏலாது.

அக்கா யோசித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, நாலரை வருசத்தில் நாங்கள் பார்க்காத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. மகளின் சிரிப்பேதான்.

"அப்ப அவ ஏசட்டும், உடுங்க," என்றாள். "என்ட புள்ள ஒருக்காக்கூட அவட சொல்லக் கேக்கல்ல தானே."

அழகு கசெட்டைப் பின்னால் சுற்றி, திரும்பவும் போட்டான்.